காலமும் உயிரும்: அரிசி வண்டு கற்பித்த பாடம்



சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நம் சுராவில் வழக்கம்போல் பாடம் நடந்தது. மனிதன் களிமண்ணிலிருந்து படைக்கப்பட்ட செய்தி அன்றைய பாடத்தில் வந்தது. பல்கலைக் கழகத்திலிருந்து விடுமுறைக்கு மலைக்கு வந்திருந்த தம்பி ஒருவன் எழுந்து நின்றான். "உயிரில்லாத பொருளிலிருந்துதான் உயிர் வந்தது என்று எங்கள் வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். அதற்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆயிற்றாம். அதுவும் இதுவும் ஒன்றுதானா, மாமா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டான்.

நாம் வாய் திறக்குமுன் பெரியவர் ஒருவர், "இது ஈமானைக் கெடுக்கும் கேள்வி. உட்கார்!" என்று அதட்டினார். தம்பி உட்கார்ந்தான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

நாம் கற்றது மதரஸா ஓதலும் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் வகுப்புமே. பிழைப்பு மளிகைக் கடை. விஞ்ஞானம் பேசும் தகுதி நமக்கு உண்டென்று சொல்ல வரவில்லை. ஆயினும், கேள்வி கேட்ட பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டால் கேள்வியும் உட்கார்ந்துவிடுமா? அது அவனோடு வீட்டுக்குப் போகிறது, விடுதிக்குப் போகிறது, நாம் இல்லாத இடத்தில் வேறு யாரிடமாவது விடை தேடுகிறது. ஆகவே, அந்தத் தம்பியிடமே நூல்களை வாங்கிப் படித்தும், கேட்டும், கடையில் கண்டதைக் கொண்டும் நமக்கு விளங்கியதை இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

1. கடிகாரம் வேறு, காலம் வேறு

முதலில் காலத்தைப் பார்ப்போம். சுவரில் தொங்கும் கடிகாரம் காட்டுவதுதான் காலம் என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். இந்த நாட்டில் அந்தக் கடிகாரம் எத்தனை முறை மாற்றி வைக்கப்பட்டது தெரியுமா? 1933-இல் இருபது நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1941-இல் மேலும் பத்து நிமிடம். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தையே வைக்கச் சொன்னார்கள். 1945-இல் அவர்கள் தோற்றதும் பழைய நேரம் திரும்பி வந்தது. கடைசியாக 1982 ஜனவரி முதல் தேதி. அன்று இரவு பதினொன்றரை மணிக்கே புத்தாண்டு பிறந்துவிட்டது என்று நம் அத்தா சொல்லிச் சிரிப்பார். அரைமணி நேரம் கூட்டப்பட்டதால், மறுநாள் பெரட்டுக்கு நின்றவர்கள் முன்னிலும் இருட்டில் நின்றார்களாம்.

இத்தனை மாறுதலிலும் சூரியன் ஒரு நிமிடம் கூட விரைந்ததில்லை. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது இங்கே சூரியன் உச்சிக்கு வருவதில்லை, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குத்தான் வருகிறது. லுஹருடைய வக்து சூரியனைப் பார்த்து வருகிறதேயன்றி அரசாங்க அறிவிப்பைப் பார்த்து வருவதில்லை. கடிகாரம் மனிதன் செய்துகொண்ட ஏற்பாடு. காலத்தை அவன் செய்யவில்லை.

அப்படியானால் காலத்தை எதைக் கொண்டு அறிகிறோம்? மாறுதலைக் கொண்டுதான். நிழல் நீளுகிறது, கொழுந்து முற்றுகிறது, தாடி நரைக்கிறது. எதுவுமே மாறாவிட்டால் காலம் சென்றதென்று எப்படிச் சொல்வோம்?

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாறுதல் காலத்தில் நடக்கிறது. காலமே அதைச் செய்வதில்லை. தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்த கொழுந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்றில் வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, சூட்டில் உலர்த்தினால் தேயிலைத் தூள் கிடைக்கிறது. அதே கொழுந்தை அதே நேரம் கூடையில் அமுக்கி மூலையில் வைத்துப் பாருங்கள், அழுகல்தான் மிஞ்சும். இரண்டுக்கும் சென்ற நேரம் ஒன்றே. காற்று, சூடு, கை இவற்றில் இருந்தது வேறுபாடு.

2. பாட்டி திருப்பிக் கொடுத்த அரிசி

தம்பி பாடத்துக்கு வராமல் நின்ற அந்த நாட்களில் நம் கடையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னால்தான் பாடம் விளங்கும்.

தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்தெடுத்து ஓய்ந்த பாட்டி ஒருவர், நம்மிடம் வாங்கிய ஐந்து கிலோ அரிசியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பையைத் திறந்தால் வண்டு ஊர்கிறது.

"நாம் என்ன செய்வது பாட்டி? நாளாயிற்று. அரிசி என்றால் வண்டு தானாக வருவதுதானே" என்றோம்.

பாட்டி நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் நானா, கொழுந்து முத்திப் போச்சின்னா கங்காணி காலத்தையா திட்டுவாரு? எடுக்காம விட்டவளத்தானே திட்டுவாரு?" என்று கேட்டுவிட்டுப் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு கடையைச் சாத்தியபின் அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் பழைய அரிசி, மாவாக உதிர்ந்த தூசி, அதில் வண்டுகள். ஒவ்வொரு முறையும் மிச்சத்தின் மேலேயே புது மூட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தோம். பல வருஷப் பழக்கம். "தானாக வந்தது" என்று நாம் பாட்டியிடம் சொன்னது பொய் என்று அப்போது நமக்குத் தெரியாது. மெய்யாகவே அப்படித்தான் நம்பியிருந்தோம். ஆனால் அந்த நம்பிக்கை நம் சோம்பலுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

மறுநாள் தம்பியின் வீட்டுக்குப் போனோம். "உன் கேள்விக்கு விடை நமக்குத் தெரியாது, தம்பி. நம்மிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. வண்டு அரிசியிலிருந்தா பிறக்கிறது?" என்றோம். அவன் முகம் மலர்ந்தது.

அவன் சொன்னது இது. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசி மணியில் ஒரு சிறு துளை இடும். அதில் ஒரு முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் துளையை மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மணி முழுசாகத் தெரியும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளிவரும். கீழே தாப்பாவின் வெயிலில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். நம் மலைக் குளிரில் மூன்று மாதம்கூட ஆகலாம். நாம் ஏமாந்தது இந்த இடத்தில்தான். இரண்டு மாதம் சுத்தமாக இருந்த அரிசியில் மூன்றாம் மாதம் வண்டு வந்தால், காலம்தான் அதைப் பிறப்பித்தது என்று யாருக்குத்தான் தோன்றாது?

தம்பி ஒரு சோதனையும் சொன்னான். புது மூட்டையிலிருந்து இரண்டு கண்ணாடி ஜாடிகளில் அரிசி எடுத்தோம். ஒன்றை ஒரு வாரம் பிரீசரில் வைத்தெடுத்தோம். மற்றதை அப்படியே விட்டோம். இரண்டையும் இறுக மூடி, தேதி எழுதி, கணக்குப் புத்தக அலமாரியில் வைத்தோம். நான்காம் மாதம் இரண்டாவது ஜாடியில் மூன்று வண்டுகள் இருந்தன. குளிரில் வைத்தெடுத்த முதல் ஜாடி இன்று வரை அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே மூட்டை அரிசி, இரண்டுக்கும் சென்றது ஒரே காலம். முட்டை செத்துப்போன ஜாடியில் காலத்தால் ஒரு வண்டைக்கூடப் பிறப்பிக்க முடியவில்லை.

3. மூடிய ஜாடியும் வளைந்த கழுத்தும்

நாம் நம்பியதுபோல் ஒரு காலத்தில் உலகமே நம்பியது. இறைச்சியில் புழுவும், சேற்றில் தவளையும் தானாக உண்டாகின்றன என்று பெரிய அறிஞர்களும் எழுதினார்கள். 1668-இல் இத்தாலி நாட்டு வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியைச் சில ஜாடிகளில் திறந்தும், சிலவற்றில் மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். ஈ உட்கார முடிந்த இறைச்சியில் மட்டுமே புழு வந்தது.

பிறகு, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளாவது தானாக வருகின்றனவா என்று வழக்கு எழுந்தது. அதைத் தீர்த்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். சத்துள்ள நீரைக் குப்பியில் கொதிக்கவைத்து, குப்பியின் கழுத்தை அன்னப்பறவையின் கழுத்துப்போல் வளைத்துவிட்டார். காற்று உள்ளே போகலாம், தூசி வளைவில் தங்கிவிடும். நீர் கெடவில்லை. கழுத்தை ஒடித்தால் சில நாளில் கெட்டது.

அவர் செய்த இன்னொரு சோதனை நம் போன்ற மலைவாசிகளுக்கு மிகவும் சுவையானது. 1860-இல் அவர் மூடிய குப்பிகளைச் சுமந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துக்குப் போனார். நம் பிரிஞ்சாங் சிகரத்தின் உயரமும் ஏறத்தாழ அதுவே. அங்கே இருபது குப்பிகளைத் திறந்து மூடினார். ஒன்றே ஒன்று கெட்டது. அடிவாரத்து நாட்டுப்புறத்தில் திறந்த இருபதில் எட்டு கெட்டன. தூசி குறைந்த இடத்தில் கிருமியும் குறைவு. 1862-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவருக்குப் பரிசளித்தது. உயிர் உயிரிலிருந்தே வருகிறது என்பது நிலைபெற்றது.

4. அப்படியானால் முதல் உயிர்?

இங்கேதான் தம்பியின் கேள்வி முழு வடிவில் நம்முன் நிற்கிறது. வண்டு வண்டிலிருந்து, கிருமி கிருமியிலிருந்து. சரி. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் முதலாவது எதிலிருந்து?

இந்தப் பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. அதை எப்படி அறிந்தார்கள்? யுரேனியம் என்னும் உலோகம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. அதன் முக்கிய வகையில் பாதி மாற 447 கோடி ஆண்டு பிடிக்கிறது. வண்டின் வளர்ச்சி குளிரில் தாமதிக்கிறது. இந்த மாறுதலோ குளிருக்கும் சூட்டுக்கும் அசைவதில்லை. ஆகையால் இது நம்பத்தக்க கடிகாரம். 1956-இல் கிளேர் பாட்டர்சன் என்பவர் எரிகற்களிலிருந்த ஈயத்தை அளந்து இந்த வயதைக் கண்டார். அந்த 454 கோடியை ஒரு நாளாகச் சுருக்கி, நள்ளிரவில் பூமி தோன்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் கிடைத்த, சுமார் 350 கோடி ஆண்டுப் பழமையான உயிர்ச்சுவடுகள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அதாவது சுபுஹு வேளைக்கே வந்துவிடுகின்றன. நம் காலடியில் கிடக்கும் இந்த மலைத்தொடரின் கருங்கல் இரவு பதினொரு மணிக்கு வருகிறது. மனிதன் கடைசி ஆறு வினாடியில் வருகிறான். போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய 1929-ஆம் ஆண்டு ஒரு வினாடிக்குள் எங்கோ மறைந்துவிடுகிறது.

அந்த முதல் ஐந்தரை மணி நேரத்தில் நடந்தது என்ன? 1924-இல் ருஷ்யாவின் ஓபாரினும், 1929-இல் இங்கிலாந்தின் ஹால்டேனும் தனித்தனியே ஒரு கருத்தைச் சொன்னார்கள். ஆதியில் பூமியின் காற்றில் பிராணவாயு இல்லை. மின்னலும் வெயிலும் பட்டு எளிய வாயுக்கள் கூடி, உயிர்ப்பொருள்களின் மூலச்சரக்குகள் கடல்நீரில் சேர்ந்திருக்கலாம் என்றார்கள். இந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர்.

1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்னும் இருபத்துமூன்று வயது மாணவர் அதைச் சோதித்தார். குப்பியில் நீரைக் கொதிக்கவிட்டு, மீதேன், அம்மோனியா, ஹைட்ரஜன் வாயுக்களை நிரப்பி, ஒரு வாரம் மின்பொறி பாய்ச்சினார். தெளிந்த நீர் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு கடுஞ்சாயத் தேநீர்போல் சிவந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. நம் தசையும் இரத்தமும் கட்டப்பட்ட செங்கல் அவையே.

அடுத்து வருபவர் நமக்கு அண்டை வீட்டுக்காரர். இலங்கை காலியில் 1923-இல் பிறந்த சிரில் பொன்னம்பெரும. சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1948-இல் தத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர், பின்னர் இரசாயனத்துக்கு மாறினார். லண்டனிலும் கலிபோர்னியாவிலும் படித்தபின், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் இந்த ஆராய்ச்சிக்கே தலைமை ஏற்றார். 1963-இல் அவரும் தோழர்களும் மீதேன், அம்மோனியா, நீர் இவற்றின்மேல் எலெக்ட்ரான் கதிர் பாய்ச்சி, அடினைன் என்ற பொருள் உண்டாவதைக் கண்டார்கள். பெற்றோரின் சாயல் பிள்ளைக்கு எழுதப்படும் எழுத்துக்களில் அடினைன் ஒன்று.

1969 செப்டம்பர் 28-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் எரிகல் விழுந்தது. பொன்னம்பெருமவின் குழு அதை ஆராய்ந்து, அதற்குள்ளும் அமினோ அமிலங்கள் இருப்பதாக 1970-இல் அறிவித்தது. அவை பூமியில் ஒட்டிக்கொண்டவை அல்ல என்பதை எப்படிச் சொன்னார்கள்? அமினோ அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு வலது செருப்பு, இடது செருப்புபோல் இரண்டு உருவம் உண்டு. பூமியின் உயிர்கள் தம் உடலைக் கட்ட இடது வகையையே கொள்கின்றன. எரிகல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. ஆக, உயிரின் மூலச்சரக்கு உயிரின் உதவியின்றி விண்ணிலும் உண்டாகிறது.

5. சரக்கு இறங்கியது, கடை திறந்ததா?

இவ்வளவும் உண்மை. இதை மறுப்பதால் மார்க்கத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் ஒரு கடைக்காரராக நாம் ஒன்று சொல்வோம். லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கிவிட்டால் கடை திறந்தாயிற்று என்று பொருளா?

கடை என்றால் மூன்று வேண்டும். வெளியையும் உள்ளையும் பிரிக்கும் சுவர் வேண்டும். சரக்கு வந்து போகும் வரவு செலவு வேண்டும். நமக்குப்பின் பிள்ளை எடுத்து நடத்தும்படி கணக்குப் புத்தகம் வேண்டும். உயிருக்கும் அப்படியே. மிகச் சிறிய கிருமிக்கும் மேல்தோல் உண்டு, உண்டு கழிக்கும் வேலை உண்டு, தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கும் எழுத்து உண்டு. இம்மூன்றும் முதன்முதலில் எவ்வாறு ஒன்றுகூடின என்பதற்கு விஞ்ஞானிகளிடம் பல கருத்துகள் உள்ளன. எழுத்து முந்தியது என்பார் சிலர், வரவு செலவு முந்தியது என்பார் சிலர். 1977-இல் கடலடியில் கண்ட வெந்நீர் ஊற்றுகளே பிறப்பிடம் என்பார் வேறு சிலர். மில்லர் நிரப்பிய வாயுக்கள் ஆதிக்காற்றில் அவ்வளவு இருந்தனவா என்றே இன்று பலர் ஐயுறுகிறார்கள். உயிரில்லாத பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உயிரணுவை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை.

இதைக் கேட்டவுடன் நம்மில் சிலர், "பார்த்தீர்களா, அவர்களால் முடியவில்லை!" என்று கை தட்டுவார்கள். அதுவும் தவறு. பிறருக்குத் தெரியாத இடத்தில் நம் ஈமானைக் கொண்டு போய் வைத்தால், நாளை அவர்கள் தெரிந்துகொண்டபோது அதை எங்கே எடுத்து வைப்போம்?

நம் முன்னோர் இந்தக் கேள்விக்கு அஞ்சியதில்லை. ஸ்பெயினில் பிறந்து 1185-இல் காலமான வைத்தியர் இப்னு துஃபைல், ஹய் இப்னு யக்ளான் என்னும் கதையை எழுதினார். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியத் தீவு ஒன்றில், பதமான தட்பவெப்பத்தில் புளித்துப் பொங்கிய களிமண்ணிலிருந்து ஒரு குழந்தை உண்டாயிற்று என்று அதில் ஒரு வரலாறு. அந்தக் குழந்தை பெட்டியில் மிதந்து வந்த அரசகுமாரியின் பிள்ளை என்று இன்னொரு வரலாறு. இரண்டையும் சொல்லி, படிப்பவரின் சிந்தனைக்கே விட்டுவிட்டார். யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

6. "தானாக" என்னும் சொல்

ஆக, நாம் கண்டது இது. பொருளிலிருந்து உயிர் என்பது களிமண்ணைப் பற்றி ஓதிய நமக்கு அந்நியமான செய்தி அன்று. கோடி கோடியான ஆண்டு என்பதும் அஞ்ச வேண்டியதன்று. கவனிக்க வேண்டியது "தானாக" என்ற ஒரு சொல். "காலம் சென்றது, தானாக வந்தது" என்று சொல்லும்போது நாம் எதையும் விளக்கவில்லை, தேடுவதை நிறுத்திவிட்டோம். விஞ்ஞானி அந்தச் சொல்லோடு நிற்காததால்தான் முட்டையையும், கிருமியையும், எரிகல்லின் அமிலத்தையும் கண்டார். ஈமான் கொண்டவன் அந்தச் சொல்லோடு நிற்காததால்தான் எல்லாவற்றுக்கும் பின்னுள்ள நியதியை எண்ணுகிறான். இருவரும் நிற்காதவர்கள். நின்றுவிட்டவர் அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துப் பாராத கடைக்காரர்.

காலத்தை ஏசக்கூடாது என்று மதரஸாவில் சிறுவயதில் கற்றோம். அதன் பொருள் பாட்டி அரிசியைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் நமக்கு விளங்கியது. காலத்தின்மேல் பழி போடுகிறவன் தன்மேல் உள்ளதை இறக்கி வைக்கிறான்.

இப்போது பெட்டியைக் கவிழ்த்து, கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே புது அரிசி கொட்டுகிறோம். பாட்டிக்கு வேறு அரிசி கொண்டுபோய்க் கொடுத்து, தவறு நம்முடையதே என்று சொன்னோம். இரண்டு ஜாடிகளின் கதையையும் சொன்னோம். "இதுக்கு ஜாடி வேற வேணுமா, நானா?" என்றார் பாட்டி.

அடுத்த விடுமுறைக்குத் தம்பி வந்தபோது ஜாடிகளைச் சுராவுக்கு எடுத்துப் போனோம். அன்று அதட்டிய பெரியவர் ஒன்றைக் கையில் வாங்கி, விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம்பியை அழைத்து, "இப்படி வந்து உட்கார். அந்த முட்டை கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அன்று இஷாவுக்கு நேரமாகும்வரை தம்பிதான் பாடம் நடத்தினான்.

வீட்டில் பிள்ளைகளோடு பேசச் சில வினாக்கள்:

கடிகாரத்தை மாற்றினால் காலம் மாறுமா? லுஹர் வேளையைக் கொண்டு விளக்குக.

இரண்டு ஜாடிகளில் ஒன்றில் மட்டும் வண்டு வந்தது ஏன்?

மர்ச்சிசன் எரிகல்லின் அமிலம் பூமியில் ஒட்டியதல்ல என்பதற்குச் சான்று என்ன?

"தானாக நடந்தது" என்று இந்த வாரம் நாம் எதைச் சொன்னோம்? மெய்யாகவே அது தானாக நடந்ததா?